அத்தாவின் சிநேகிதர்கள்

பெற்றோரைப் பேணுவது பற்றி நாம் கேட்ட பயான்கள் கொஞ்சமல்ல. ஜும்ஆ மேடையிலும், ரமளான் இரவுகளிலும், நிக்காஹ் மஜ்லிஸிலும் அது சொல்லப்பட்டே வருகிறது. சொர்க்கம் தாயின் காலடியில் என்று தொடங்கி, பெற்றோரின் மனத்தை நோகச் செய்தவனின் கதி என்ன என்பது வரை கேட்டு, கண் கலங்கி எழுந்து போகிறோம். எனினும் அந்தப் பயான்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிற ஒரு விஷயம் உண்டு. வயது ஏற ஏற மனிதனின் உள்ளத்தில் உறவு எப்படி இடம் மாறுகிறது என்பதுதான் அது. வாலிபத்தில் ஒருவன் உறவிடம் எதிர்பார்ப்பது வேறு, நாற்பதில் வேறு, எழுபதில் வேறு. இதை அறியாமல் செய்யும் பணிவிடை, நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டாலும், சில நேரங்களில் குறி தவறிப் போகிறது.

நம் தர்மபுரி மாவட்டத்தின் நிலையை வாசகர்கள் அறிவார்கள். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2004-ல் கிருஷ்ணகிரியும் தனியே போய்விட்டது. மழையை நம்பிய பூமி. ராகியும் புளியும் மாம்பழமும் தக்காளியும் விளைந்தாலும், வாலிபர்களைக் கட்டி வைக்க அவை போதவில்லை. பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். வாய்ப்புள்ளவர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். வீட்டில் அத்தாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். இருவரில் ஒருவர் மௌத்தாகிவிட்டால் மற்றவர் தனியே. 2011-ம் வருட மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கேரளத்தைப் போலவே நம் மாநிலமும் முதியோர் மிகுந்த மாநிலமாகி வருகிறது. ஆகவே இது ஏதோ நாலு வீட்டுப் பிரச்சனை அல்ல.

எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவரை அவர் மகன் பெங்களூருக்கு அழைத்துச் சென்றார். நல்ல பிள்ளை. தனி அறை, கட்டில், வெந்நீர், வேளைக்கு மருந்து, பேரப்பிள்ளைகள் எல்லாம் இருந்தன. நாற்பது நாள் ஆவதற்குள் பெரியவர் தாமே பஸ் ஏறி ஊர் திரும்பிவிட்டார். "நான் என்ன குறை வைத்தேன் ஹஜ்ரத்? ஊரார் என்னைத்தானே ஏசுவார்கள்?" என்று மகன் வந்து முறையிட்டார். பெரியவரிடம் விசாரித்தேன். "பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை ஹஜ்ரத். ஆனால் அங்கே என்னை 'டேய்' போட்டுக் கூப்பிட ஒரு ஆள் இல்லையே!" என்றார்.

சிரிப்பதற்குரிய வார்த்தை அல்ல இது. மனோதத்துவ அறிஞர்கள் பல வருட காலம் ஆராய்ந்து கண்ட ஓர் உண்மையை அந்தப் பெரியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரா கார்ஸ்டென்சன் என்ற பெண் பேராசிரியர் இந்த விஷயத்தை ஆராய்ந்தவர். முதியவர்களின் பழக்க வட்டம் சுருங்குவதைப் பார்த்து, அவர்கள் உலகத்தின் மீது வெறுப்புற்று ஒதுங்குகிறார்கள் என்றே முன்பு பலரும் எண்ணிவந்தார்கள். அந்த அம்மையார் அதை மறுத்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் மக்களிடம் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்கள். உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது. நெருங்கிய குடும்பத்தார் ஒருவர், அண்மையில் படித்த ஒரு புத்தகத்தின் ஆசிரியர், புதிதாக அறிமுகமாகி மனத்துக்குப் பிடித்துப்போன ஒருவர், இம்மூவரில் யாருடன் கழிப்பீர்கள்? வாலிபர்களின் பதில் பலவாறாக இருந்தது. முதியவர்களோ பெரும்பாலும் குடும்பத்தாரையே தேர்ந்தெடுத்தார்கள்.

இதோடு விட்டிருந்தால் 'வயசானால் அப்படித்தான்' என்று நாமும் சொல்லிவிடலாம். அவர்கள் கேள்வியைச் சற்று மாற்றினார்கள். நீங்கள் விரைவில் இந்த ஊரை விட்டு வெகுதூரம் குடிபெயரப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்றார்கள். உடனே வாலிபர்களும் குடும்பத்தாரையே தேர்ந்தார்கள். புதிய மருத்துவத்தால் இன்னும் இருபது வருட ஆயுள் கிடைக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று முதியவர்களிடம் சொன்னபோது, அவர்களுடைய பதில் வாலிபர்களின் பதிலைப் போல ஆகிவிட்டது! 1997-ம் வருடம் ஜூலை முதல் தேதி ஹாங்காங் பிரிட்டிஷாரிடமிருந்து சீனாவின் கைக்கு மாறியதல்லவா? அதற்குச் சுமார் ஒரு வருடம் முன்பு அங்கே கேட்டபோது முதியவர்கள் மட்டுமே நெருங்கியவர்களை நாடினார்கள். இரண்டு மாதம் முன்பு கேட்டபோது வாலிபர்களும் அப்படியே நாடினார்கள். கைமாறி ஒரு வருடம் கழிந்த பின் வாலிபர்கள் பழைய நிலைக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆக, காரணம் நரைமுடி அல்ல. எஞ்சியிருக்கும் காலம் குறைவு என்ற உணர்வுதான். காலம் நிறைய இருக்கிறது என்று நினைப்பவன் புதிய மனிதர்களையும் புதிய செய்திகளையும் தேடுகிறான். காலம் குறைவு என்று உணர்ந்தவன் மனத்துக்கு நெருக்கமான சிலரையே தேடுகிறான். மரணத்தை நினைவில் வைக்கும்படி நமக்குச் சொல்லப்பட்டிருப்பதன் பலன்களில் ஒன்றை இவர்கள் தங்கள் வழியில் கண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பயணம் போகிறவன் வாசற்படியில் நின்று யாரைத் தேடுகிறான் என்று பார்த்தாலே போதுமே!

இன்னொரு கருத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கான், அன்டனூச்சி என்ற இருவர் 1980-ல் எழுதியது அது. ஒரு மனிதனைச் சுற்றி மூன்று வளையங்களாக மனிதர்கள் இருக்கிறார்கள். உள் வளையத்தில், இவர் இல்லாமல் வாழ்வே இல்லை எனும்படியானவர்கள். அடுத்ததில் நெருங்கியவர்கள். வெளியே பழக்கமானவர்கள். இந்தக் கூட்டம் மனிதனோடு கூடவே வாழ்நாள் முழுதும் பிரயாணம் செய்கிறது என்றார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயரை நம் பாஷையில் 'காஃபிலா' என்று சொல்லிவிடலாம். வழியில் சிலர் சேருவார்கள், சிலர் பிரிவார்கள். வயோதிகத்தின் கஷ்டம் என்னவென்றால், காஃபிலாவில் பிரிகிறவர்கள் அதிகம், சேருகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு ஜனாஸாவிலும் ஒருவர் குறைகிறார். வாலிபத்தில் ஒரு சிநேகிதன் போனால் இன்னொருவன் கிடைப்பான். எழுபத்தைந்து வயதில், தம்மை 'டேய்' என்று அழைக்கக் கூடியவரை எந்தக் கடையில் வாங்க முடியும்?

பெங்களூர் மகனின் பணிவிடை எங்கே குறி தவறியது என்பது இப்போது விளங்கும். அவர் உள் வளையத்தில் ஒருவரான தம்மிடம் தந்தையைக் கொண்டுபோனார். ஆனால் அதே உள் வளையத்தில் ஊரில் இருந்த மூன்று நான்கு பேரிடமிருந்து தந்தையைப் பிரித்துவிட்டார். முதியவருக்கு வளையம் சுருங்கட்டும், அது இயற்கை. ஆனால் எஞ்சியிருக்கும் அந்தச் சிலர் அவராகத் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். நாம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர்களாக அல்ல.

இந்த இடத்தில்தான் நம் மார்க்கத்தின் ஒரு தனிப் போதனை என்னை வியக்க வைக்கிறது. ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைச் சந்தித்தார்கள். ஸலாம் சொன்னார்கள். ஒட்டகச் சவாரியில் களைப்பு ஏற்படும்போது தாம் ஏறிக்கொள்வதற்காக வைத்திருந்த கழுதையில் அவரை ஏற்றினார்கள். தம் தலைப்பாகையையும் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் கிராமவாசிகள், கொஞ்சம் கொடுத்தாலே திருப்திப்படுவார்களே என்று கூட வந்த இப்னு தீனார் ஆச்சரியத்துடன் கேட்டார். இவருடைய தந்தை என் தந்தை உமருக்கு நேசராக இருந்தவர் என்பதே பதிலாக வந்தது. தந்தை நேசித்தவர்களின் குடும்பத்தாரோடு உறவைத் தொடர்வது நன்மைகளில் மிக உயர்ந்தது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதையும் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது.

தந்தை மௌத்தான பிறகே இவ்வளவு என்றால், தந்தை உயிரோடு இருக்கும்போது அவருடைய சிநேகிதர்களைப் பேணுவது எவ்வளவு பெரிய காரியம்! தந்தைக்கு வாரம் ஒரு முறை பழம் வாங்கி வருகிற மகன், தந்தையின் சிநேகிதர் ஒருவரை மாதம் ஒரு முறை வண்டியில் அழைத்து வந்து, இருவரையும் ஒரு மணி நேரம் பேச விட்டுவிட்டு, தாம் வெளியே போய் நிற்கலாமே. இதற்குப் பணமும் ஆகாது. இருந்தும் நான் விசாரித்த வரையில் செய்பவர்கள் அபூர்வம். தந்தையின் சிநேகிதர்களின் பெயர்களே பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் ஆடு அறுத்தால், அன்னையின் தோழியருக்குத் தேடிப் பங்கு அனுப்புவார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே இதை அறிவிக்கிறார்கள். கதீஜா நாயகியின் சகோதரி ஹாலா (ரலி) ஒரு நாள் வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டபோது, அந்தக் குரலில் கதீஜா (ரலி) அனுமதி கேட்கும் சாயல் தெரிந்து நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளம் அசைந்ததும் ஹதீஸில் வருகிறது. பிரிந்தவர்களின் குரல் இன்னொருவர் தொண்டையில் கேட்கும்போது மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதை வயதானவர்கள் நன்றாக அறிவார்கள். மனைவியை இழந்த பெரியவர்கள் சிலர் மைத்துனி வீட்டுக்கு அடிக்கடி போனால் ஊரில் கிசுகிசுப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இனி கணவன் மனைவிக்கு வருவோம். இல்லற உறவுக்குத் திருமறை இரண்டு சொற்களை அருகருகே வைக்கிறது. மவத்தத் என்ற நேசம் ஒன்று, ரஹ்மத் என்ற இரக்கம் மற்றொன்று. வாலிபத்துக்கு நேசம், வயோதிகத்துக்கு இரக்கம் என்று விரிவுரையாளர்களில் ஒரு சிலர் விளக்கம் கண்டிருக்கிறார்கள். ஆனால் இரக்கம் தானாக வந்துவிடுவதில்லை.

அல்முஜாதலா அத்தியாயம் இறங்கிய சந்தர்ப்பத்தை மத்ரஸாவில் நாங்கள் ஓதியபோது ளிஹார் சட்டத்தைத்தான் முக்கியமாகக் கவனித்தோம். இப்போது மீண்டும் ஓதும்போது அதில் ஒரு வயோதிகத் தம்பதியின் கதை தெரிகிறது. கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்ற அம்மையாரின் கணவர் அவ்ஸ் இப்னு ஸாமித் (ரலி). வயது முதிர்ந்து அவருடைய குணம் கெட்டுவிட்டிருந்தது. அவருக்கு ஒரு விதச் சித்தத் தடுமாற்றம் இருந்ததாகவும் அபூதாவூதின் ஓர் அறிவிப்பில் காண்கிறோம். ஒரு நாள் ஏதோ பேச்சில் கோபம் மூண்டு, நீ எனக்கு என் தாயின் முதுகைப் போல என்று சொல்லிவிட்டார். அக்கால அரபிகளிடம் அது மனைவியை விலக்கும் வார்த்தை. அம்மையார் நாயகத்திடம் ஓடிவந்து முறையிட்டார்கள். என் வாலிபத்தையெல்லாம் அவரோடு கழித்து, பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்து, இப்போது எனக்கும் வயதான பிறகு இப்படிச் செய்துவிட்டாரே என்பது முறையீடு.

வசனம் இறங்கியது. பரிகாரம் சொல்லப்பட்டது. ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். முடியாவிட்டால் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு. அதுவும் முடியாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு. இனி அந்த அம்மையாரின் பதிலைக் கவனியுங்கள். சற்று முன்வரை கணவர் மீது குற்றம் சாட்டியவர், அவரிடம் அடிமை ஏது என்கிறார். அவர் வயோதிகர், நோன்பு வைக்கத் தாங்கமாட்டார் என்கிறார். உணவளிக்க அவரிடம் ஒன்றுமில்லை என்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கூடை பேரீச்சம்பழம் தந்து உதவ முன்வந்ததும், இன்னொரு கூடையை நான் தருகிறேன் என்கிறார்! வழக்குத் தொடுத்தவரே எதிராளிக்கு வக்கீலாகி, அபராதத்திலும் பாதியைத் தாமே கட்டுகிறார். பல்லாண்டு கூடி வாழ்ந்த தம்பதியின் மனம் இப்படிப்பட்டதுதான். கோபமும் கரிசனமும் ஒரே பாத்திரத்தில் இருக்கும். பஞ்சாயத்துக்கு வருகிற கிழவியின் முதல் பத்து நிமிடப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு ஜமாஅத்தார் முடிவெழுதக் கூடாது என்பேன்.

இதில் மருத்துவ விஷயம் ஒன்றும் உண்டு. சாதுவாக இருந்த பெரியவர் ஒருவர் திடீரெனச் சந்தேகப் பேர்வழியாகி, மருமகள் பணத்தைத் திருடிவிட்டாள் என்றும், சோறு போடவில்லை என்றும் சொல்லத் தொடங்கினால், அதை அவர் குணம் என்று எண்ணிச் சண்டைக்கு நிற்காதீர்கள். அது மூளையைப் பாதிக்கும் மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். மந்திரித்துத் தாயத்துக் கட்டிக் காலத்தைப் போக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நோய் என்று அறிந்த நாளிலிருந்து மருமகளின் மனக்காயம் பாதி ஆறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மனைவியை இழந்த அறுபத்தைந்து வயதுக்காரர் மறுமணம் செய்ய நினைத்தால் நம் வீடுகளில் நடப்பது பெரும் அவமானக் கூத்து. பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்த வயதில் இது தேவையா என்கிறார்கள். இரவில் விழித்தெழுந்தால் ஒரு குரல் கேட்க வேண்டும் என்பதுதான் பலருடைய தேவை. துணையில்லாதவர்களுக்கு மணம் முடித்து வைக்கும்படி அந்நூர் அத்தியாயத்தில் வரும் கட்டளைக்கு வயது வரம்பு இல்லை. விதவையும் அதில் அடக்கம், மனைவியை இழந்தவரும் அடக்கம். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தமக்கு வயதாகிவிட்டதே என்று தயங்கியபோது, எனக்கும்தான் வயதாகியிருக்கிறது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். எதிர்க்கும் பிள்ளைகளின் மனத்தைத் தோண்டிப் பார்த்தால் அங்கே வெட்கத்தைவிட, வரப்போகும் மனைவிக்குப் போகும் எட்டில் ஒரு பங்குதான் பெரும்பாலும் கிடக்கிறது. அதை வெளிப்படையாகப் பேசிவிட்டால் பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

சொத்து என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாசத்தால், அல்லது பிள்ளைகளின் நெருக்குதலால், இருப்பதையெல்லாம் ஹிபாவாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கையை விரித்து நிற்கும் பெரியவர்கள் பெருகி வருகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் தந்தை தம் பிள்ளைக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபிலோ, பிள்ளையின் கைக்குப் போய்விட்ட ஹிபாவைத் திரும்பப் பெற வழியில்லை. 2007-ம் வருடத்திய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது ரத்து செய்ய இடம் தருகிறது. நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் வழக்கு இழுபறிதான். ஆகவே இருக்கும் வீட்டையாவது ஆயுள் வரை தம் பெயரிலேயே வைத்துக்கொள்வது நல்லது. இதனால் பிள்ளைகளின் பாசம் குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அதே சட்டப்படி தர்மபுரியிலும் அரூரிலும் உள்ள கோட்டாட்சியர் அலுவலகங்களில் பெற்றோர் மனுச் செய்யலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிட முடியும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. நம் பிக்ஹு இதற்கு ஒரு படி மேலே நிற்கிறது. ஏழையான தந்தைக்கு உழைக்கும் சக்தி இருந்தாலும், வசதியுள்ள பிள்ளை நஃபகா கொடுத்தே தீர வேண்டும். அதிலும் மகனுக்கும் மகளுக்கும் சமபொறுப்பு என்று ஹிதாயாவில் ஓதுகிறோம். மகள்கள் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம்! ஆனால் எந்த ஆர்.டி.ஓ.வும், எந்த காஜியும், மகனை வாரம் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பேசு என்று உத்தரவிட்டு நிறைவேற்ற முடியாது. பணத்துக்குத்தான் தீர்ப்பு உண்டு.

தொலைவில் இருப்பவன் என்ன செய்வான் என்று கேட்கலாம். நம் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு பழைய உதாரணம் உண்டு. 1792 முதல் 1799 வரை பாராமகாலை நிர்வகித்த ஆங்கிலேய அதிகாரிகளில் ஒருவரான தாமஸ் மன்றோ தர்மபுரியில் தங்கியிருந்தவர். 1780-ல் இந்தியா வந்த அவர் 1807-ல்தான் தாய்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். இந்த இருபத்தேழு வருடமும் ஸ்காட்லாந்திலிருந்த பெற்றோருக்கும் சகோதரிக்கும் நீண்ட கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். வியாபாரத்தில் நொடித்துப்போன பெற்றோருக்குப் பணமும் அனுப்பினார். கடிதம் போய்ச்சேரப் பல மாதங்கள் ஆகும் காலம் அது. இன்று நொடியில் முகம் பார்த்துப் பேசும் வசதி கையில் இருக்கிறது. சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா என்ற இரண்டு கேள்வியோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. பேச்சில் பெற்றோரிடம் யோசனை கேளுங்கள். முதியவருக்கு விசாரிக்கப்படுவதைவிட யோசனை கேட்கப்படுவதே பெரிய மருந்து.

மருந்து என்று சும்மா சொல்லவில்லை. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 148 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரின் கணக்கு அது. நல்ல உறவுகள் உள்ளவர்கள், அப்படி இல்லாதவர்களைவிட, ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் தொடங்கித் தலைமுறை தாண்டி நடந்துவரும் ஆய்வும், ஐம்பது வயதில் உறவுகளில் திருப்தி உள்ளவரே எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார் என்று கண்டது. அந்த ஆய்வில் முதலில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். நம் வீட்டுப் பெண்களின் கணக்கை எடுத்தால் என்ன கிடைக்குமோ!

ஐம்பதில் விதைத்ததே எண்பதில் என்றால், நாற்பது வயதுக்காரர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. அல்அஹ்காஃப் அத்தியாயம் நாற்பதை எட்டிய மனிதனைப் பற்றிப் பேசும்போது, அவன் தன் பெற்றோருக்குக் கிடைத்த அருளுக்கும் சேர்த்து நன்றி சொல்லி, தன் சந்ததியின் நலனையும் கேட்பதாகக் காட்டுகிறது. ஒரே துஆவில் மேலேயும் பார்க்கிறான், கீழேயும் பார்க்கிறான். அந்த வயதில்தான் கூடப் பிறந்தவர்களோடு வரப்புத் தகராறும் ஆரம்பமாகிறது. கூடப் பிறந்தவனே நம் வாழ்வில் மிக நீண்ட காலம் உடன் வருகிறவன். பெற்றோர் முன்னே போய்விடுவார்கள், மனைவி பாதி வழியில் சேர்ந்தவள், பிள்ளை பின்னால் வந்தவன். எழுபது வயதில் 'டேய்' என்று கூப்பிடும் உரிமை உள்ளவர்களில் அண்ணன்தான் முதலாமவன். அவனோடு நாற்பதில் பேச்சை முறித்துக்கொள்கிறோம், இரண்டு சென்ட் நிலத்துக்காக.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் பழைய பள்ளிவாசல்களை இடித்துப் பெரிதாகக் கட்டும் பணி பல ஊர்களில் நடக்கிறது. சலவைக்கல், மினாரா, குளிர்சாதனம் எல்லாம் வருகின்றன. பழைய பள்ளியின் முன்புறத் திண்ணை மட்டும் வரைபடத்தில் காணாமல் போய்விடுகிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நாலு கிழவர்கள் உட்கார்ந்திருந்த இடம் அது. காலணி வைக்கும் அலமாரிக்கு அந்த இடம் போய்விடுகிறது. அலமாரியைப் பக்கச் சுவரில் வைக்கலாம். இன்ஜினீயரிடம் சொல்லி, ஒன்றரை அடி உயரத்தில், சாய்ந்துகொள்ளச் சுவரோடு, நாலைந்து பேர் உட்காரும் நீளத்துக்கு ஒரு திண்ணை போடச் சொல்லுங்கள். ஏறுவதற்கு ஒரு பக்கம் கைப்பிடியும் வேண்டும்.